கடப்படியில் ஆமையோடு நிற்கும் பிள்ளை

வரிப்பத்தான்சேனையின் உம்மாமாரே, வாப்பாமாரே, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமாரே, பாடசாலை ஆசிரியர்களே,



பெரும்போகத்துக்கு வயல் ஈரமாகி வாய்க்கால்களில் தண்ணீர் ஏறும் நாட்களில் உங்களில் அனேகர் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். ஏழு எட்டு வயதுப் பிள்ளையொன்று கடப்படியில் வந்து நிற்கும். முழங்கால் வரை சேறு. சேர்ட்டின் முன்புறம் நனைந்து வயிற்றோடு ஒட்டியிருக்கும். இரண்டு கைகளாலும் அது அணைத்துப் பிடித்திருப்பது ஓர் ஆமை. "வாப்பா, இத நான் வளக்கப் போறன்" என்று சொல்லும்போது அந்த முகத்தில் இருக்கும் வெளிச்சம் பெருநாள் காலையில்கூட இருப்பதில்லை.

அதற்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

சில வீடுகளில் ஆமை உள்ளே வர விடப்படுவதே இல்லை. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று மூத்தம்மா குசினிக்குள் இருந்தே குரல் கொடுப்பார். பிள்ளையின் கையிலிருந்து ஆமை பிடுங்கப்பட்டு வேலிக்கு மேலால் வீசப்படும். முதுகு தரையில் பட விழுந்த ஆமை நான்கு கால்களாலும் காற்றைத் துழாவும். வேலி இடுக்கால் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வேறு சில வீடுகளில் ஆமைக்கு இடம் கிடைத்துவிடும். உடுப்புத் தோய்க்கும் பிளாஸ்டிக் பேசினில் நாலு விரல் தண்ணீர், ஒரு பிடி சோறு, ஒரு துண்டுப் பாண். ஓட்டின் மேல் ராத்தாவின் நகப்பூச்சால் பிள்ளையின் பெயர். ஓடிவிடாமல் இருக்க ஓட்டின் ஓரத்தில் ஆணியால் துளைத்து ஒரு நைலோன் நூல். மூன்றாம் நாள் பிள்ளை முறையிடும்: "இது விளையாடுதில்ல வாப்பா. கூப்பிட்டா வருதில்ல. தலைய உள்ளுக்கு இழுத்துக்கிட்டே கிடக்குது." ஐந்தாம் நாள் பேசின் கிணற்றடியில் மறக்கப்பட்டுவிடும்.

வீசி எறிந்தவரும் பேசினில் போட்டவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இருவருமே அந்த ஆமையை ஆமையாகப் பார்க்கவில்லை. ஒருவருக்கு அது பீடை. மற்றவருக்கு, விளையாடத் தெரியாத பூனைக்குட்டி. பிள்ளை இரண்டையும் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது.

முதலில் அந்தப் பழமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். கடன்பட்டவரின் வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்ய நீதிமன்றம் அனுப்பும் சேவகருக்கு அந்தக் காலத்தில் அமீனா என்று பெயர். அவர் நுழைந்த வீட்டின் கதி என்னவென்று விளங்குகிறது. ஆமை யாருடைய சாமானைத் தூக்கிக்கொண்டு போனது? 'ஆம்பி பூத்த வீடு' என்று இருந்ததுதான் வாய்வழியில் ஆமையாகிவிட்டது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. ஆம்பி என்றால் காளான். கூரை ஒழுகி, அடுப்பு எரியாமல், ஈரச் சுவரில் காளான் முளைத்த வீடு நொடிந்த வீடுதான். அந்த விளக்கத்தை நீங்கள் ஏற்கலாம், விடலாம். ஆனால் ஐம்புலன்களையும் அடக்கி வாழ்கிறவனுக்கு உவமை தேடிய வள்ளுவர் வேறெதையும் எடுக்காமல் ஆமையை எடுத்தார் என்பதைத் தமிழ் படித்த உங்கள் பிள்ளைகளே சொல்வார்கள்.

உங்களிடம் சொல்ல இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. சகுனம் பார்ப்பதை உங்கள் மார்க்கம் அடியோடு மறுத்துவிட்டது. பயணம் புறப்படுமுன் பறவையைக் கலைத்துவிட்டு, அது வலப்பக்கம் பறந்தால் நல்லது, இடப்பக்கம் பறந்தால் கெட்டது என்று அன்றைய அரபிகள் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் கிடையாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பறவைக்கு இல்லாத சக்தி ஆமைக்கு எங்கிருந்து வந்தது? நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படி என்று காலையில் ஓதிவிட்டு வரும் பிள்ளை, பின்நேரம் ஆமையால் தரித்திரம் வரும் என்று வீட்டில் கேட்கிறது. எதை நம்புவது என்று அது உங்களிடம் கேட்பதில்லை. கேட்டால் பதில் வைத்திருக்கிறீர்களா?

ஆமையை வீட்டுக்குள் எடுத்தவர்களே, உங்கள் மனம் இளகியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பேசினுக்குள் கிடப்பது எப்படிப்பட்ட உயிர் என்று ஒரு முறை குனிந்து பாருங்கள்.

ஓடு, ஆமை போட்டுக்கொண்ட சட்டை இல்லை. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றாகப் பொருந்தியதுதான் ஓடு. அதில் இரத்தம் ஓடுகிறது. தொட்டால் ஆமைக்குத் தெரிகிறது. ஓட்டின் ஓரத்தில் ஆணியை வைத்துத் தட்டுவது எலும்பில் ஆணி அடிப்பது. பிள்ளைக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் எந்தப் பிள்ளையும் சுத்தியலைத் தொட்டிருக்காது.

தலையை இழுக்கும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதே, அது சீறல் என்று நினைத்து நீங்கள் பிள்ளையைப் பின்னுக்கு இழுப்பீர்கள். தலையும் கால்களும் உள்ளே போகும்போது உள்ளே இருந்த காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. நுரையீரலில் இருந்து அது வெளியேறும் சத்தம் அது. ஆமை பயந்துவிட்டது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. வெளியே தெரியும் காதுமடல் அதற்கு இல்லை. தரையின் அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும் உணரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராததற்குப் பிள்ளை மேல் அதற்குப் பிரியம் இல்லை என்பது காரணமில்லை. உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதற்கு முடியாது. வெயிலில் கிடந்தால்தான் தின்ற உணவு செரிக்கும். குசினி மூலையின் நிழல் அதற்குக் குளிர்ந்த சிறை.

இறக்காமம் குளத்தையும் அதன் கீழ்ப் பாயும் வயல்களையும் போன்ற இடங்களில் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் அகப்படுவது பாலாமை. தட்டையான உடம்பு, நீண்ட கழுத்து, தோல் போர்த்த ஓடு. பின்னங்கால்களை உள்ளே இழுத்ததும் வயிற்றுப்புறத்தில் இருக்கும் இரண்டு மடிப்புகள் கதவுபோல மூடிக்கொள்ளும். நத்தை, தவளைக்குஞ்சு, செத்த மீன், நீர்ச்செடி என்று வாய்க்காலில் கிடைப்பதைத் தின்னும். குளம் வற்றினால் சேற்றுக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். இப்படி வாழப் படைக்கப்பட்ட ஒன்றுக்கு முன்னால் சோற்றை வைத்துவிட்டு, ஏன் தின்னவில்லை என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள்.

பற்றைக்காட்டுப் பக்கம் போன பிள்ளைகள் சில வேளை வேறொன்றைக் கொண்டு வருவார்கள். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் நட்சத்திர ஆமை. இதன் ஓட்டைப் பற்றி ஒரு செய்தி உங்கள் கணித ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். எப்படி வைத்தாலும் உருண்டு திரும்பி ஒரே நிலையில் வந்து நிற்கும், தள்ளாடி நிற்கவும் ஒரே ஒரு நிலை மட்டுமே உள்ள ஒரு குவிந்த திண்மத்தை, உள்ளே பாரம் எதுவும் வைக்காமல் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு ஹங்கேரியின் காபோர் டொமோகோஸும் பீட்டர் வார்கோனியும் 2006 இல் விடை கண்டார்கள். அந்த உருவத்துக்குக் கோம்போட்ஸ் என்று பெயர். பிறகு ஆமை ஓடுகளை அளந்து பார்த்தார்கள். 2008 இல் அந்த ஆய்வு வெளியானது. அவர்கள் செய்த உருவத்துக்கு மிக நெருக்கமாக இருந்த ஓடுகளில் ஒன்று நட்சத்திர ஆமையினுடையது. கவிழ்ந்தாலும் பெரிய சிரமமில்லாமல் நிமிர அதன் குவிந்த முதுகே போதும். தட்டையான ஆமைகளுக்கு அந்த வசதி இல்லை. அவை நீண்ட கழுத்தை நிலத்தில் ஊன்றிப் புரளுகின்றன. வேலிக்கு அப்பால் நீங்கள் வீசிய ஆமை அதைத்தான் செய்ய முயன்றுகொண்டிருந்தது.

பிள்ளையின் கையில் இருக்கும் ஆமையிடம் இவ்வளவு இருக்கிறது. பிள்ளை பூனையைத் தேடுவதால் அதற்கு இது எதுவும் தெரிவதில்லை.

பெரியவர்களுக்கே இதைக் கற்க வருடக்கணக்காயிற்று. இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட்டுக்கு 1780 இல் அவருடைய மாமி வளர்த்த ஆமை வந்து சேர்ந்தது. அதன் பெயர் திமோதி. குளிர்காலத்துக்கு மண்ணுக்குள் புதைந்து கிடந்ததைத் தோண்டியெடுத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டு வந்தார். அதன் பிறகு அவர் செய்த வேலை பார்ப்பது, எழுதுவது, நிறுப்பது. ஒலிபெருக்கும் குழலை வைத்துக் கத்திப் பார்த்தார். திமோதி சட்டை செய்யவில்லை. பாரம் ஏற்றிய வண்டி ஏறினாலும் தாங்கும் ஓட்டை வைத்துக்கொண்டு, நாலு துளி மழைக்கு அது ஒதுங்க ஓடுவதை வியந்து எழுதினார். இவ்வளவு நீண்ட ஆயுளை அனுபவிக்கத் தெரியாத ஒன்றுக்கு ஏன் கொடுத்தான் இறைவன் என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆனால் மாமியின் வீட்டில் இருந்த நாட்களில், முப்பது வருடத்துக்கு மேலாகத் தீனி போட்ட அந்த வயோதிப மாமியைக் கண்டால் மட்டும் அது தத்தித் தத்தி அவரிடம் போகும் என்பதையும், அந்நியர்களைத் திரும்பியும் பாராது என்பதையும் அவரே குறித்து வைத்தார். அவர் எழுதிய செல்போர்ன் இயற்கை வரலாறு 1789 இல் வெளிவந்தது. கடைசிவரை அவர் அதை ஆண் என்றே எழுதினார். அவர் காலத்துக்குப் பிறகு ஓட்டை ஆராய்ந்தவர்கள்தான் திமோதி பெண் ஆமை என்று கண்டார்கள். அந்த ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே வைத்துப் பார்த்த ஒருவருக்கே இப்படியென்றால், மூன்று நாளில் சலித்துப்போன பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா?

சில பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஜாம்ஷெட்பூரில் பிறந்த ஜெரால்ட் டரல், 1935 இல் பத்து வயதில் குடும்பத்தோடு கிரேக்கத்தின் கோர்பு தீவுக்குப் போனான். அங்கே வழியில் கண்ட ஒரு விற்பனையாளரிடம் ஆமை ஒன்றை வாங்கி அக்கிலீஸ் என்று பெயர் வைத்தான். அதற்குக் காட்டு ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேல் பைத்தியம் என்பதைப் பையன் கண்டுகொண்டான். தான் விளையாட விரும்பிய விளையாட்டை விட்டுவிட்டு, ஆமைக்குப் பிடித்ததைத் தேடிப் போனான். பிறகு மலைச்சரிவில் காட்டு ஆமைகள் என்ன செய்கின்றன என்று மணிக்கணக்காகக் குந்தியிருந்து பார்த்தான். அந்தப் பையன்தான் 1959 இல், அழிந்துவரும் உயிர்களுக்காக ஜெர்சி தீவில் ஒரு விலங்குக்காட்சிச் சாலையை அமைத்தவர்.

தூர தேசத்துக் கதைகள் போதும். உங்களுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. அதை நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பதுதான் இம்மடலின் பெரிய மனக்குறை.

மதீனாவில் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் வீட்டில் ஒரு சிறுவன் இருந்தான். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி. அபூ உமைர் என்று அழைப்பார்கள். அவனிடம் நுகைர் என்ற சின்னக் குருவி ஒன்று இருந்தது. அதுதான் அவனுக்கு எல்லாம். ஒரு நாள் நபியவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் முகம் வாடியிருந்தது. குருவி செத்துவிட்டது என்று சொன்னார்கள். நபியவர்கள் பிள்ளையின் பக்கம் திரும்பி, அவனைப் பெயர் சொல்லி அழைத்து, குருவி என்ன செய்தது என்று விசாரித்தார்கள். அரபியில் அவன் பெயரும் குருவியின் பெயரும் ஒரே சந்தத்தில் ஒலிக்கும். ஒரு பிள்ளை கேட்டு மனம் தேறும்படியான சந்தம். ஓர் உம்மத்தின் சுமையைத் தோளில் வைத்திருந்தவர்கள், ஒரு சிறுவனின் செத்துப்போன குருவியை விசாரிக்க நேரம் வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் ஹதீஸ் என்று அறிவிக்க வேண்டுமா, இதில் என்ன பயன் என்று பழைய காலத்திலேயே சிலர் ஏளனம் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவே, நீங்கள் பின்பற்றும் அதே ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ், ஹிஜ்ரி நாலாம் நூற்றாண்டில், இந்த ஒரே ஹதீஸிலிருந்து 60 பாடங்களை எடுத்துத் தனி நூலாகவே எழுதினார். பிள்ளை பறவையோடு விளையாடலாம் என்பது அவற்றில் ஒன்று. பிள்ளையிடம் அதன் உலகத்தைப் பற்றியே பேசலாம் என்பது இன்னொன்று.

அப்படியானால் ஆமையையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வளர்க்கலாம் என்று சொன்ன அறிஞர்கள், தீனி போட வேண்டும், வதைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் சொன்னார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையை ஓதாத பிள்ளை உங்கள் ஊரில் இல்லை. உயிருள்ளதைக் குறிவைத்து எறியும் இலக்காக்குவதைக் கண்டித்த ஹதீஸும் இருக்கிறது. குஞ்சுகளை எடுத்துவிட்டதால் சிறகடித்துத் தவித்த தாய்ப் பறவையைக் கண்டு, அதன் குஞ்சுகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்ன சம்பவம் அபூ தாவூதில் இருக்கிறது. வாய்க்கால் நத்தையையும் குளத்துச் சேற்றையும் நாள் முழுதும் வெயிலையும் பேசினுக்குள் கொண்டுவர உங்களால் முடியாது. தீனி போட முடியாத ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதும் அந்தப் பாடங்களில் அடங்கியதுதான்.

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்சத்திர ஆமை பாதுகாக்கப்பட்ட உயிர். பிடித்து வைப்பதும் விற்பதும் குற்றம். வனஜீவராசிகள் என்றாலே நம் பக்கத்தில் யானைதான் நினைவுக்கு வரும். வேலியுடைக்கும் யானைக்கு முன்னால் ஆமையை யார் நினைப்பார்கள்? ஆனால் கடத்தல்காரர்கள் நினைக்கிறார்கள். இந்தியாவில் ஒரே ஒரு கடத்தல் மையத்தில் மட்டும் ஒரு வருடத்தில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015 இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரும்பாலும் தூர நாடுகளில் யாரோ வீட்டில் அலங்காரமாக வைக்கத்தான். 2019 இல், உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் மாநாடு கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே இலங்கையும் சேர்ந்து கொண்டுவந்த பிரேரணையால்தான் நட்சத்திர ஆமை ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காட்டில் பிடித்தவற்றின் சர்வதேச வணிகம் தடுக்கப்பட்டது. உங்கள் பிள்ளையின் கைக்குள் இருந்தது அப்படிப்பட்ட ஒன்றாகவும் இருக்கலாம்.

இன்னொரு வகை வீட்டாருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நகரத்து மீன்தொட்டிக் கடையில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும் பச்சை ஆமைக்குட்டியைப் பிள்ளையின் அழுகைக்காக வாங்கி வந்தவர்கள் நீங்கள். அது அமெரிக்க மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. வாங்கும்போது தேநீர்க் கோப்பைத் தட்டில் அடங்கும். வருடங்கள் போகப் போகச் சோற்றுப் பீங்கான் அளவுக்கு வரும். இருபது முப்பது வருடம் இருக்கும். நிஞ்சா ஆமைக் கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள் கேட்டார்கள் என்று உலகமெங்கும் வாங்கி, வளர்ந்ததும் குளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட இடங்கள் பலவற்றில் அது ஊர் ஆமைகளின் இடத்தைப் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 இல் இறக்குமதியைத் தடை செய்தது. அமெரிக்காவே 1975 இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது. குழந்தைகள் வாயில் வைத்து சல்மொனெல்லா கிருமியால் நோயுற்றதுதான் காரணம். ஆகவே வாங்காதவர்கள் வாங்காதீர்கள். வாங்கிவிட்டவர்கள் இறக்காமம் குளத்தில் விடாதீர்கள். அது குதிக்காது, மடியில் தூங்காது. வெயில் விழும் இடத்தில் ஒரு கல்லும் சுத்தமான தண்ணீரும் கேட்கும். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதன் போக்கில் அதைப் பார்க்கப் பிள்ளையைப் பழக்குங்கள். பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போனாலும் அது அந்தக் கல்லின் மேல்தான் இருக்கும். அதுவரை உங்கள் பொறுப்பு.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. மெதுவாக எழுதும் பிள்ளையை வகுப்பில் 'ஆமை' என்று கூப்பிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. வயலில் ஆமையைக் கண்டு அதன் நிதானத்தையும் பொறுமையையும் ரசித்த பிள்ளை, மறுநாள் அதே பெயரைத் திட்டாகக் கேட்கிறது. அந்தப் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையையே எழுப்பி, வாய்க்காலில் என்ன கண்டாய் என்று கேளுங்கள்.

கேள்விக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு ஒரு சம்பவம். பம்பாயில் தாய் தகப்பனை இழந்து மாமாவின் வீட்டில் வளர்ந்த ஒரு முஸ்லிம் சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் குருவி ஒன்றைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் வழமையான ஊர்க்குருவி இல்லை. தொண்டையில் மஞ்சள் பட்டை. இதைத் தின்னலாமா என்ற சந்தேகத்தோடு மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டுபோனான். மாமா ஏசவில்லை, எறியவும் இல்லை. என்ன குருவி என்று அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, போய்க் கேள் என்றார். 1908 இல் அந்தக் கதவைத் தயங்கித் தயங்கித் தட்டிய பையன்தான் சாலிம் அலி. பின்னாளில் இந்தியப் பறவையியலின் பெரும் பெயர். ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையின் கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். நடந்தது அவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பதும் அதற்கு மேல் இல்லை.

உஸ்தாதுமாரே, அபூ உமைரின் குருவியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் மாரி தொடங்கும் முன் ஒரு ஜும்ஆக் குத்பாவிலும் சொல்லும்படி கதீபிடம் கேளுங்கள். மூத்தம்மாமாரே, அந்தப் பழமொழியை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைக்குக் கொடுக்க உங்களிடம் நல்ல கதைகள் எத்தனையோ இருக்கின்றன. காயம்பட்ட ஆமையோ நட்சத்திர ஆமையோ கைக்கு வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.

உம்மாமாரே, வாப்பாமாரே, அடுத்த முறை பிள்ளை ஆமையோடு கடப்படியில் நிற்கும்போது பிடுங்காதீர்கள். பேசினையும் தேடாதீர்கள். முற்றத்தில் நிழலும் வெயிலும் கலந்த ஓரிடத்தில் ஆமையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் குந்தவைத்து நீங்களும் குந்துங்கள். பேசாமல் இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் ஆமையைப் பாருங்கள். சிறிது நேரத்தில் ஓட்டின் விளிம்பில் இரண்டு சின்ன மூக்குத்துவாரங்கள் தெரியும். பிறகு கண். அது ஒரு முறை மூடித் திறக்கும். கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாக விரிந்து, நீங்கள் நினைத்ததைவிட நீளமாகத் தலை வெளியே வரும். ஒரு முன்னங்கால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும். "வாப்பா, வருது" என்று பிள்ளை மூச்சுக்குள்ளேயே சொல்லும். தொடச் சொல்லாதீர்கள். எத்தனை நகம் என்று எண்ணச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று கேளுங்கள்.

அசருக்குப் பிறகு வெயில் தணிந்ததும், பிள்ளையின் கையிலேயே ஆமையைக் கொடுத்து, எங்கே எடுத்தாய் என்று கேட்டுக்கொண்டு கூடவே நடங்கள். வாய்க்கால் கரையோ வயல் வரம்போ, எடுத்த அதே இடத்துக்கு அவனே வழிகாட்டட்டும். அவனே குனிந்து இறக்கி வைக்கட்டும். வைத்தவுடன் திரும்பிவிடாதீர்கள். ஆமை தலையை உள்ளே இழுத்திருக்கும். அது வெளியே வந்து தண்ணீருக்குள் இறங்கும்வரை பிள்ளையின் பக்கத்தில் நில்லுங்கள். பத்து நிமிடம் ஆகலாம். மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.